போப்பின் வெள்ளியை உருக்காதீங்க!

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்று சாய்ந்தபோது அலுவலக நண்பரிடமிருந்து போன். மும்பை பாந்திராவில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர். "உனக்குத்தான் பழைய காசுப் பைத்தியம் உண்டே, ஜவேரி பஜாருக்குக் கொஞ்சம் வரமுடியுமா? தாத்தாவோட வெள்ளிக் காசெல்லாம் விக்கப் போறோம். எடையில ஏமாத்திடாம பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்றார்.

அவருடைய தாத்தா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இத்தாலியத் துறைமுகங்களில் இறங்கும்போதெல்லாம் ரோமாபுரிக் காசு கிடைத்தால் வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாராம். மொத்தம் 14. வெள்ளி விலை ஏறிக் கிடக்கிறது, வீட்டின் மேற்கூரை ஒழுகுகிறது, டின் பரணில் சும்மா கிடக்கிறது. நியாயமான கணக்குதான்.

நான் ரயில் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் கடைக்காரர் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். ஒரு காசை உரைகல்லில் தேய்த்துப் பார்த்திருந்தார். இன்னொன்றை உள்ளே வெள்ளிதானா என்று பார்க்கக் கத்தரியால் நடுவில் வெட்டியிருந்தார். அவர் மேல் தப்பில்லை, அவர் தொழில் அது. வெட்டுப்பட்ட காசைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பாதியில் பாதிக் குடை, மறுபாதியில் மீதிக் குடை.

அது 1963ஆம் வருடத்து 500 லிரா. ஆசனம் காலியாக இருந்த நாட்களின் காசு. அந்த வருடம் ஜூன் 3ஆம் தேதி போப் இருபத்துமூன்றாம் ஜான் இறந்தார். ஜூன் 21ஆம் தேதி ஆறாம் பவுல் தேர்வானார். நடுவில் இருந்த 18 நாட்களின் பேரால் அடிக்கப்பட்டது. அப்படிப்பட்ட காசில் போப்பின் முகம் இருக்காது. இடைக்காலப் பொறுப்பில் இருக்கும் கர்தினாலின் குடும்பச் சின்னமும், அதன் மேல் விரித்த குடையும், குறுக்காக வைத்த இரண்டு சாவிகளும் இருக்கும். கேமர்லெங்கோ என்று அந்தக் கர்தினாலுக்குப் பதவிப் பெயர். ராஜா இல்லாத நேரத்தில் ராஜ்ஜியத்துக்கு அடையாளமாகக் குடையை மட்டும் போடுகிறார்கள். வெண்கொற்றக்குடை என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் காசுகளை உருக்கக் கூடாது என்பது என் கட்சி. அதிலும் அபூர்வமான காசுகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவற்றை ஏலக் கம்பெனிகள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். தேய்ந்த, மலிவான, "இது நிறைய இருக்கு சார்" என்று வியாபாரிகள் ஒதுக்குகிற காசுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். உருக்கு உலைக்கு முதலில் போவது அவைதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். போப்புக்கு எதற்குக் காசு? நம் ஊர்ப் பெரியவர்கள் போப்பைப் பாப்பரசர் என்பார்கள். அந்த வார்த்தைக்குள்ளேயே பதில் இருக்கிறது. அவர் வெறும் குரு மட்டும் அல்ல, நிஜமாகவே அரசர். நடு இத்தாலியில் ஆயிரம் வருடத்துக்கு மேல் போப்புகளுக்குச் சொந்த நாடு இருந்தது. வரி, சுங்கம், சிறை, பட்டாளம் எல்லாம் இருந்தன. அப்புறம் நாணயச்சாலை இல்லாமல் எப்படி? இரண்டாம் ஜூலியஸ் (1503-1513) பேரில் ஒரு வெள்ளிக் காசுக்கு ஜூலியோ என்று பெயர் வந்தது. பிறகு மூன்றாம் பவுல் (1534-1549) காலத்தில் அதற்கே பாவ்லோ என்று பெயர் மாறியது. பத்து பாவ்லோ ஒரு ஸ்கூடோ. நூறு பயோக்கோவும் ஒரு ஸ்கூடோ. ரோமாபுரியில் ரொட்டி வாங்கியதும் கொத்தனாருக்குக் கூலி கொடுத்ததும் இதில்தான்.

இந்த வெள்ளியின் சரித்திரத்தைப் படித்தால் அது பாதிக்கு மேல் உருக்கிய கதைதான். 1527ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் சம்பளம் வராத கோபத்தில் ரோமைச் சூறையாடின. ஏழாம் கிளமெண்ட் சாந்தாஞ்சலோ கோட்டைக்குள் ஓடி ஒளிந்தார். வெளியே விடுவதற்குக் கேட்ட தொகை 4 லட்சம் டுகாட். கோட்டைக்குள்ளேயே கோவில் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி அவசரக் காசு அடித்தார்கள். பூசைப் பாத்திரம் சிப்பாய்ச் சம்பளமாக மாறியது. புகழ்பெற்ற பொற்கொல்லர் பென்வெனுட்டோ செல்லினி அப்போது அதே கோட்டைக்குள் இருந்தார். போப்பின் மணிமுடிகளில் இருந்து கற்களைப் பெயர்த்துவிட்டுத் தங்கத்தை உருக்கியதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே செல்லினிதான் இரண்டு வருடம் கழித்து அதே போப்பின் நாணயச்சாலைக்கு அச்சு வெட்டப் போனார். தண்ணீரில் மூழ்கப்போன பேதுருவை இயேசு கைகொடுத்துத் தூக்கும் அந்த வெள்ளிக் காசு அவர் கைவேலை. மூழ்கிப் பிழைத்த போப்புக்குப் பொருத்தமான படம்தான்!

அடுத்தது நெப்போலியன். 1797 பிப்ரவரியில் தொலெந்தினோ உடன்படிக்கை. ஆறாம் பயஸ் பிரான்சுக்குக் கோடிக்கணக்கில் கட்ட வேண்டியிருந்தது. ஓவியம், சிலையோடு வெள்ளியும் தங்கமும் வண்டி வண்டியாகப் போயின. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அடித்த அழகான பெரிய வெள்ளிக் காசுகளில் எத்தனை அப்போது உலைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

மூன்றாவது கதைதான் எனக்குப் பிடித்தது. ஏனென்றால் அந்தக் கதையின் காசு நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும். ஒன்பதாம் பயஸ் 1846 முதல் 1878 வரை போப்பாக இருந்தவர். 1860ல் அவருடைய நாட்டில் பெரும்பகுதி இத்தாலியோடு போய்விட்டது. வருமானம் போனது, கடன் மட்டும் நின்றது. 1865ல் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, சுவிட்சர்லாந்து நான்கும் சேர்ந்து ஒரு நாணய ஒன்றியம் அமைத்தன. ஒரு நாட்டுக் காசு மற்ற நாட்டிலும் செல்லும் என்று ஏற்பாடு. பயஸ் 1866ல் ஸ்கூடோவை விட்டுவிட்டு அந்தக் கணக்குக்கு ஏற்ற லிராவுக்கு மாறினார்.

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு லிரா 5 கிராம். முழுத் தரமான 90 சதவீதத்தில் அடித்தால் சுத்த வெள்ளி 4.5 கிராம் இருக்க வேண்டும். ஆனால் சில்லறைக் காசுகளை 83.5 சதவீதத்தில் அடிக்கலாம் என்று ஒன்றியமே விதி வைத்திருந்தது. அப்படியானால் சுத்த வெள்ளி 4.175 கிராம்தான். மிச்சம் அடிக்கிற அரசாங்கத்துக்கு லாபம். எல்லாரும் இப்படியே அடித்துத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக மக்கள்தொகையில் தலைக்கு 6 பிராங்க் என்று உச்சவரம்பும் இருந்தது. போப்பின் கஜானா அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டி அடித்தது. காசு எல்லை கடந்து பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் நிரம்பியது. 1870ல் அங்கே வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 20ஆம் தேதி இத்தாலியப் படை ரோமின் பியா வாசல் அருகே மதிலை உடைத்து உள்ளே வந்தது. நாடே போனது, நாணயச்சாலையும் போனது. அதற்குப் பிறகு 59 வருடம் போப்பின் பேரில் செல்லுபடியாகும் காசே இல்லை. 1929ல் முசோலினி அரசோடு லாத்தரன் உடன்படிக்கை ஆகி வத்திக்கான் நகரம் பிறந்த பிறகுதான் மறுபடி வந்தது.

ஆக அந்தத் தேய்ந்த ஒரு லிரா என்பது ஒரு அரசாங்கம் திவாலாகிற நேரத்தில் அடித்த காசு. ஒரு பக்கம் பயஸின் முகம், மறுபக்கம் வளையத்துக்குள் 1 லிரா என்று மதிப்பும் வருடமும், சுற்றிலும் போப்பின் அரசு என்று இத்தாலிய எழுத்து. இவ்வளவு கதையும் 23 மில்லிமீட்டருக்குள். தாத்தாவின் டின்னில் இதில் இரண்டும், இரண்டு லிராவில் ஒன்றும் இருந்தன. மீதி 11 வத்திக்கானின் 500 லிராக்கள்.

இனி எதிர்த்தரப்பு. கடையில் நின்றபடியே நண்பர் என்னிடம் கேட்டவை இவை. நியாயமான கேள்விகள்.

முதல் கேள்வி: "இதே காசு லட்சக்கணக்குல இருக்குமே, ஒன்னு போனா என்ன?" ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் அடித்தார்கள் என்பது வேறு, இன்றைக்கு எத்தனை மிச்சம் என்பது வேறு. முதலாவதுக்குப் புத்தகத்தில் கணக்கு உண்டு. இரண்டாவதுக்கு இல்லை. உருக்குகிறவர் ரசீது எழுதிப் பட்டியல் போடுவதில்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி ஒரு அவுன்ஸ் கிட்டத்தட்ட 50 டாலருக்குப் போனபோது பல நாடுகளிலும் பழைய வெள்ளிக் காசுகள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. 2025 அக்டோபரில் அந்த 50 டாலரையும் தாண்டிவிட்டது. அதனால்தான் இப்போது கவலைப்படுகிறேன். சேகரிப்பவன் தருகிற விலைக்கும் உலோக விலைக்கும் நடுவே இடைவெளி சுருங்கச் சுருங்க, காசைக் காசாக வைத்திருக்கக் காரணம் குறைகிறது.

அதோடு எல்லாம் ஒரே காசு அல்ல. போப்பின் காசுகளில் பொது ஆண்டோடு ஆட்சி ஆண்டும் ரோமன் எண்ணில் இருக்கும். பயஸ் தேர்வானது ஜூன் மாதம். அதனால் 1867 என்று போட்ட ஒரு லிராக்களிலேயே 21ஆம் ஆட்சி ஆண்டும் உண்டு, 22ஆம் ஆட்சி ஆண்டும் உண்டு. அந்த வருட ஜூனுக்கு முன்னாலா பின்னாலா என்று காசே சொல்லும். தராசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது கேள்வி: "போப் முகம் உள்ள காசு புனிதமானது. அதை வெச்சு வியாபாரம் பண்றதும் ஆல்பத்துல ஒட்டி வெக்கிறதும் சரியா?" இதைக் கேட்டது நண்பரின் அம்மா. மகன் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "ஆன்ட்டி, ஜெபமாலை வேற, காசு வேற" என்றேன். இந்தக் காசில் நன்மையும் நடந்தது, அநியாயமும் நடந்தது. ரோமாபுரியின் யூதர்களை 1555ல் நான்காம் பவுல் ஒரு சேரிக்குள் அடைத்தார். அவர்கள் வரி கட்டியது போப்பின் காசில்தான். 1796ல் இருந்து 1864 வரை போப்பின் அரசில் மரண தண்டனை நிறைவேற்றிய ஜோவன்னி பத்திஸ்தா புகாட்டிக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே காசில்தான். இதையெல்லாம் மறைத்து "ஆசீர்வதிக்கப்பட்ட நாணயம்" என்று கூடுதல் விலைக்கு விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். காசைக் காசாகப் பார்ப்பதுதான் அதற்கு மரியாதை.

இதைப் போப்புகளே உணர்ந்திருந்த காலமும் உண்டு. பதினோராம் இன்னொசென்ட் (1676-1689) சிக்கனத்துக்குப் பேர் போனவர். 1684ல் அவர் அடித்த டெஸ்டோனே என்ற வெள்ளிக் காசின் பின்பக்கத்தில் படமே இல்லை. வாங்குவதை விடக் கொடுப்பது மேல் என்று பொருள் வருகிற லத்தீன் வாசகம் மட்டும்தான். கையை விட்டுப் போவதற்காகவே செய்த பொருளின் மேல், என்னைக் கொடுத்துவிடு என்று எழுதி வைத்திருக்கிறார். உலகத்தில் வேறு எந்த அரசாங்கம் தன் பணத்தின் மேல் இப்படி எழுதும்? :-)

மூன்றாவது கேள்விக்குத்தான் என்னிடம் முழு பதில் இல்லை. "எங்க கூரை ஒழுகுது. உன் சரித்திரம் சிமெண்ட் வாங்கித் தருமா?" வாங்கித் தராது. கஷ்டத்தில் இருப்பவரிடம் போய்ப் பாரம்பரியம் பேசுவது மகா அபத்தம். ஆனால் விற்பது வேறு, உருக்குவது வேறு. உருக்குக் கடை சுத்த வெள்ளிக்கு மட்டும்தான் காசு தரும். 11 கிராம் எடையுள்ள 500 லிராவில் சுத்த வெள்ளி 9.185 கிராம். அதிலும் சேதாரம் கழிப்பார்கள். சேகரிப்பவன் குறைந்தபட்சம் அந்த விலையாவது தருவான், பெரும்பாலும் கொஞ்சம் கூடவே தருவான். எனவே என் வேண்டுகோள் ரொம்பச் சின்னது. வெள்ளிக் கடைக்குப் போகும் முன்னால் நாணயம் சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். பெரிய ஊர்களில் எல்லாம் நாணயச் சங்கங்கள் இருக்கின்றன, கண்காட்சிகள் நடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு, அவ்வளவுதான்.

என் போன்ற சேகரிப்பாளர்களுக்கும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். குற்றம் நம்மிடமும் இருக்கிறது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் தர எண் ஒட்டிய பளபளக் காசு மட்டும்தான் காசு என்று நாமே பேசிப் பேசி, தேய்ந்த காசுக்கு மதிப்பில்லை என்று எல்லாரையும் நம்ப வைத்துவிட்டோம். புத்தம் புதிதாக இருக்கும் லிரா என்றால் யாரும் செலவழிக்காமல் பெட்டிக்குள் கிடந்தது என்று அர்த்தம். தேய்ந்த லிரா சந்தைக்குப் போய் வந்திருக்கிறது. முகம் மழுங்கி, எடை 4.8 கிராமுக்கு இறங்கிய ஒன்றை நான் வேண்டுமென்றே தேடி வாங்குவேன். விலையும் குறைவு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் 1866க்குப் பிந்தைய லிராக்களில் தொடங்கலாம். பிறகு 1929ல் தொடங்கும் பதினோராம் பயஸின் 5 லிரா, 10 லிரா வெள்ளிகள். பிறகு 1958ல் இருந்து வந்த 500 லிராக்கள். ஆசனம் காலியான காசுகளை மட்டும் வரிசையாகச் சேர்த்தாலே ஒரு ஆயுசுக்குப் போதும். 1978ல் மட்டும் இரண்டு தடவை ஆசனம் காலியானது, இரண்டுக்கும் தனித்தனிக் காசு உண்டு.

வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். போப்பின் காசுகளைக் கழுத்தில் தொங்கவிட வளையம் பற்றவைத்துப் பிறகு எடுத்தவை நிறைய உண்டு. பற்றவைத்த தழும்பு 12 மணி இடத்தில் தெரியும். எடை பார்க்க ஒரு சின்ன மின்னணுத் தராசு போதும். மிக முக்கியமாக, திருநீறு, பற்பசை, புளி போட்டுத் தேய்த்து விடாதீர்கள்! வீட்டு வெள்ளி விளக்குக்குச் செய்கிற உபசாரம் காசுக்கு விஷம். கருத்துப்போன மேல்தோல் அதன் வயசு. போனால் வராது.

இன்னொரு விநோதம். நம் நாட்டில் 1972ஆம் வருடத்துச் சட்டப்படி நூறு வயது தாண்டிய நாணயம் தொல்பொருள். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு எடுத்துப்போக முடியாது. விமான நிலையத்தில் பிடிபட்டால் வம்பு. அதே காசை ஜவேரி பஜாரில் கத்தரியால் வெட்டினால் கேட்க ஆளில்லை. சட்டம் போட்டு இதைத் தடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு தராசோடு அதிகாரி வருவதைவிட, வீட்டில் ஒருவருக்கு அந்தக் காசு என்னவென்று தெரிந்திருப்பது மேல்.

அன்றைக்கு என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே. மூன்று பயஸ் காசுகளையும் நான்கு 500 லிராக்களையும் நானே வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். என் பர்ஸுக்கு அவ்வளவுதான் முடிந்தது. இன்னும் நான்கை நண்பரே திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அம்மாவிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று, தன் இரண்டு பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. உரைகல்லில் தேய்த்தது உட்பட இரண்டு காசுகள் கடைக்காரரிடமே போயின. கூரைக்கு முதல் தவணை கொடுக்க அந்தப் பணமும் என் பணமும் போதுமானதாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

வெட்டுப்பட்ட குடைக் காசு எந்தக் கணக்கிலும் வரவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டே "எடுத்துக்கோங்க, எடைக்கு என்ன உண்டோ அதைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டு பாதியையும் ஒரே உறைக்குள் போட்டு, 1963, பதினெட்டு நாள் என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். உலைக்கு அனுப்பும் முன்னால் ஒரு தடவை திறந்து, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.